யாருக்கு யார் சாயல்?

தமிழ்ப்பள்ளி மாறுவேடப் போட்டி என்றால் குறைந்தது இரண்டு கட்டபொம்மன்களாவது மேடையேறுவார்கள். ஜொகூர் பாருவில் நான் கடைசியாகப் பார்த்த போட்டியில் மூன்று பேர். மையால் வரைந்த மீசை, ஜிகினா ஒட்டிய அட்டைக் கிரீடம், இடுப்பில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருக்கும் வாள். மூன்றாவது பையன் கண்ணை உருட்டி, குரலை உயர்த்தி வசனத்தை ஆரம்பித்ததும் எனக்கு முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி, "அச்சு அசல் கட்டபொம்மனேதான்!" என்று கைதட்டினார்.

பாட்டி பார்த்தது கட்டபொம்மனை அல்ல, சிவாஜி கணேசனை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நாம் எல்லாருமே அப்படித்தான். 1799 அக்டோபர் 16-ஆம் தேதி கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட அந்தப் பாளையக்காரரை நேரில் பார்த்து வரைந்த படம் எதுவும் நம் கைக்கு வந்து சேரவில்லை. 1959-இல் பி.ஆர். பந்துலு எடுத்த படம் வந்தது. அதற்குப் பிறகு கட்டபொம்மனுக்கு ஒரு முகம் கிடைத்துவிட்டது. 1970-இல் கயத்தாற்றில் சிவாஜியே நிலம் வாங்கி அவருக்குச் சிலையும் வைத்தார். அதன் முன்னால் போய் நிற்கிற நம்மவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது வரலாறா, வசனமா என்று கேட்டுப் பாருங்கள்.

"இந்த நடிகர் அந்தத் தலைவர் மாதிரியே இருக்கிறார்" என்பது குடும்பத்தோடு படம் பார்க்கும்போது நமக்குப் பிடித்த பேச்சு. ஆனால் ஒப்பிட்டுச் சொல்ல அசல் வேண்டுமே? அசல் முகம் தெரியாத இடத்தில் நடிகர் அவரைப் போல இருப்பதில்லை. அவர்தான் நடிகரைப் போல ஆகிவிடுகிறார்.

புகைப்படம் உள்ளவர்களின் கதை வேறு. வ.உ.சி.யை எடுத்துக்கொள்ளுங்கள். 1936-இல் காலமானவர், படங்கள் இருக்கின்றன. அவற்றையும் 1961-இல் வந்த 'கப்பலோட்டிய தமிழன்' படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மூக்கும் முழியும் ஒன்று என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் அந்தப் படத்தைப் பார்த்த வ.உ.சி.யின் மகன், தன் அப்பாவையே நேரில் கண்டதுபோல் இருந்தது என்று சொன்னதாகவும், அதையே தனக்குக் கிடைத்த பெரிய விருதாகச் சிவாஜி நினைத்ததாகவும் சொல்வார்கள். மகனுக்குத் தெரிந்தது முகவெட்டு இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நடை, நிற்கிற விதம், சிறையில் செக்கிழுத்துத் தளர்ந்த உடம்பு, அந்த உடம்பிலும் விடாத மிடுக்கு. இதையெல்லாம் ஒப்பனைக்காரர் ஒட்டிவிட முடியாது. (இவ்வளவு இருந்தும் அந்தப் படம் வந்த புதிதில் வசூலில் படுத்துவிட்டது. நம் ரசனையைப் பற்றித் தனியாக ஒரு வாரம் எழுத வேண்டும்.)

பாரதி என்றதும் நமக்கு வருவது முண்டாசு, மீசை, முறைக்கும் கண். தாடியோடு, கையில் தடியோடு, ஒடுங்கிப்போய் நிற்கிற பாரதியின் புகைப்படத்தைக் காட்டினால் பிள்ளைகள் "இது யாரு?" என்று கேட்பார்கள். 2000-இல் ஞான ராஜசேகரன் 'பாரதி' படத்துக்கு சாயாஜி ஷிண்டே என்ற மராத்தி நடிகரைக் கூட்டி வந்தபோது, தமிழனுக்கா பஞ்சம் என்று முணுமுணுத்த என் சித்தப்பா, படம் முடிந்த பிறகு வாயைத் திறக்கவில்லை.

இதற்கு நேர்மாறு, கணிதமேதை ராமானுஜன். அவர் கொஞ்சம் பருமனானவர், உருண்டை முகம். கடவுச்சீட்டுக்கு எடுத்த அந்தப் பழைய படத்திலேயே தெரியும். 2015-இல் வந்த ஆங்கிலப் படத்தில் அவராக நடித்தவர் தேவ் படேல். உயரமும் ஒல்லியுமான அழகர். இனி இணையத்தில் ராமானுஜனைத் தேடும் பிள்ளைக்கு எந்த முகம் முதலில் கிடைக்குமோ!

நம் புலனக் குழுக்களில் இப்போது வேறொரு கூத்து நடக்கிறது. "இதுதான் ராஜராஜ சோழனின் உண்மை முகம்" என்று செயற்கை நுண்ணறிவு வரைந்த படம் ஒன்று வரும். காஸ்வே நெரிசலில் பேருந்துக்குள் நின்றுகொண்டே நாமும் அதைப் பத்துப் பேருக்கு அனுப்புவோம். அகன்ற மார்பு, முறுக்கு மீசை, உடற்பயிற்சிக் கூடத்துக்குத் தவறாமல் போனவரின் தோள். 1973-இல் சிவாஜி, 2022-இல் ஜெயம் ரவி, இப்போது கணினி. தஞ்சைப் பெரிய கோயிலில் கருவறையைச் சுற்றியுள்ள சுவரில் சோழர் கால ஓவியம் ஒன்று இருக்கிறது. தாடி வைத்த முதியவர் ஒருவருக்குப் பின்னால் அடக்கமாக நிற்கிறவர்தான் ராஜராஜன் என்று பலர் சொல்வார்கள். அறிஞர்கள் சிலர் அதையும் ஏற்பதில்லை. அந்த ஆளின் தலையில் கிரீடம் இல்லை. கொண்டை முடிந்திருக்கிறார். அவரை அப்படியே நம் மாறுவேட மேடையில் ஏற்றினால் ஆறுதல் பரிசுகூடக் கிடைக்காது.

ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ராஜாவின் முகத்துக்கு இவ்வளவு அலைகிறோமே, எண்பது ஆண்டுக்கு முந்தைய நம் சொந்தக்காரர்களின் முகம் நம்மிடம் இருக்கிறதா? ஜொகூர் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களில் எத்தனை பேர் ஸ்டூடியோ பக்கம் போயிருப்பார்கள்? 1948-இல் அவசரகாலம் வந்து, 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் படம் ஒட்டி, கைரேகை வைத்து அடையாள அட்டை கொடுத்தார்கள். பல குடும்பங்களில் பாட்டன் பூட்டனுக்கு இருக்கிற ஒரே படம் அதுதான். கம்யூனிஸ்டுகளைப் பிடிக்க வெள்ளைக்காரன் எடுத்த படம், நமக்குக் குலதெய்வப் படம் ஆனது.

அதற்கும் முன்னால் போனவர்களுக்கு அதுவும் இல்லை. 1942-43-இல் சயாம் மரண ரயில்பாதை போட, 415 கிலோமீட்டர் காட்டுக்குள், மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை ஆயிரக்கணக்கில் கொண்டுபோனார்கள். என் அப்பாயியின் அண்ணன் குளுவாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து போனார். திரும்பவில்லை. அவருக்குப் படம் கிடையாது. நான் பிறக்கும் முன்பே அப்பாயியைத் தவிர அவர் முகம் தெரிந்தவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

தோட்டத்துத் திடலில் வெள்ளைத்துணி கட்டிப் படம் காட்டிய காலத்தில், அப்பாயி சிவாஜிக்காகவோ எம்.ஜி.ஆருக்காகவோ வந்து உட்கார்ந்ததில்லையாம். நாகேஷ் வருகிற படமென்றால் மட்டும் பாயை எடுத்துக்கொண்டு முதல் ஆளாகக் கிளம்பிவிடுவாராம். எல்லாரும் சிரிக்கும்போது அவர் மட்டும் சிரிக்காமல் பார்த்துக்கொண்டே இருப்பார் என்று அப்பா சொல்வார். ஏன் என்று கேட்டதற்கு, "எங்கண்ணன் இப்பிடித்தான்டா இருக்கும். ஒல்லியா, கையக் கால ஆட்டிக்கிட்டு, ஒரு எடத்துல நிக்காது" என்றாராம்.