கிளினிக்கில் தெரிந்ததை வீட்டில் யார் சொல்வது?

தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. தொற்றுவதை ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2019 டிசம்பரில் இலங்கைக்குச் சான்றிதழ் வழங்கியது. சிகிச்சை இல்லாவிட்டால் நூற்றுக்கு 15 முதல் 45 பிள்ளைகளுக்குத் தொற்றக்கூடும். உரிய நேரத்தில் மருந்து எடுத்தால் அது 5 வீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். கர்ப்பிணிகளின் இரத்தத்தை கிளினிக்கில் பரிசோதிப்பதும், மருந்தை அரசாங்கமே இலவசமாகக் கொடுப்பதும்தான் இதைச் சாத்தியமாக்கின.

ஆனால் முடிவு தெரிந்த அன்று பின்னேரம் அந்தப் பெண் வீட்டுக்குப் போக வேண்டுமே.

பசறை, லுணுகலை, ஹப்புத்தளைத் தோட்டங்களில் இன்றும் பலருக்கு வீடு என்றால் லயக் காம்பிராதான். மாமியார், கொழுந்தன், பிள்ளைகள் எல்லோரும் ஒரே கூரைக்குள். இந்தக் காம்பிராவில் பேசினால் அடுத்த காம்பிராவில் கேட்கும். தினமும் விழுங்க வேண்டிய மாத்திரையை அங்கே எங்கே ஒளிப்பது? பதுளை டவுனுக்குப் போய் வந்தால் ஒரு நாள் சம்பளம் போகும், "அடிக்கடி என்ன ஆஸ்பத்திரி?" என்ற கேள்வியும் வரும். பிள்ளை பிறந்த பிறகு அதற்கும் சில வாரங்கள் மருந்து. தாய்ப்பால் கொடுக்காவிட்டால் அதற்கும் ஒரு கேள்வி.

இன்னொரு அநியாயமும் உண்டு. கர்ப்பிணி என்பதால் அவளுக்குத்தான் முதலில் இரத்தம் பார்க்கிறார்கள். முதலில் கண்டுபிடிக்கப்பட்டவளே நோயைக் கொண்டு வந்தவள் என்று குடும்பம் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. கணவனிடமிருந்து அவளுக்கு வந்திருக்கலாம் என்று யாரும் யோசிப்பதில்லை.

ஆகவே எல்லோரிடமும் மறைத்துவிடலாமா? கணவனுக்குத் தெரியத்தான் வேண்டும் என்பது என் கருத்து. அவருக்குத் தொற்று இருந்தால் சிகிச்சை தேவை, இல்லாவிட்டால் பாதுகாப்புத் தேவை. மாமியாருக்கும் நாத்தனாருக்கும் சொல்வதா என்பது அந்தப் பெண்ணின் விருப்பம். ஊருக்கு அது தேவையே இல்லை.

ஊருக்குத் தெரிந்தால் என்னவாகும் என்பதை 2016இல் குளியாப்பிட்டியில் பார்த்தோம். எயிட்ஸ் என்று பரவிய வெறும் வதந்திக்காக ஒரு சிறுவனைப் பாடசாலையில் சேர்க்க விடாமல் பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகளை வீட்டில் நிறுத்திக்கொண்டார்கள். பிள்ளைக்குத் தொற்றே இல்லை. கடைசியில் கண்டி திரித்துவக் கல்லூரிதான் இடம் கொடுத்தது. ஓர் ஆசிரியனாக இன்றும் எனக்கு அது வெட்கம்தான்.

இது தோட்டத்துப் பிரச்சினை என்று பதுளையிலும் வெலிமடையிலும் இருக்கும் நாம் ஒதுங்க முடியாது. நமது பெண்களும் கர்ப்பமானால் கிளினிக்கில் இரத்தம் கொடுப்பவர்கள்தானே. மஹல்லாவில் ஒருவருக்கு இப்படியொரு செய்தி தெரியவந்தால் அது அமானிதம். புறம் பேசுவதற்கான விஷயமல்ல.

கணவனிடம் தனியாகச் சொல்லப் பயப்படும் பெண், பதுளையிலுள்ள அரச பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்துக்கு அவரையும் அழைத்துப் போய் டாக்டர் முன்னிலையில் பேசலாம். அடி விழும் என்ற பயம் இருந்தால் அதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடட்டும்.