விடுதிக் கதவைத் திறந்துவிடுங்கள்

திண்டுக்கல் மாவட்டம் வேடசந்தூர் வட்டார நூற்பாலைகளில் இன்று இரவு ஷிப்ட் பார்ப்பவர்களில் பலருக்குத் தமிழ் தெரியாது. சுமங்கலித் திட்டம் என்ற பெயரில், 3 ஆண்டு முடித்தால் மொத்தத் தொகை தருவதாகச் சொல்லி தென்மாவட்டப் பெண்களை அழைத்து வந்த காலம் ஒன்று இருந்தது. இப்போது ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார், அசாம் பெண்கள் வருகிறார்கள். அவர்களைக் கூட்டி வருபவர் ஏஜென்ட். தங்குவது ஆலை வளாகத்து ஹாஸ்டலில். கடைவீதிக்குப் போவதென்றாலும் மில் வண்டி, கூடவே வார்டன்.

இதெல்லாம் பெண்களின் பாதுகாப்புக்காகத்தான் என்று நிர்வாகங்கள் சொல்கின்றன. இந்த வாதத்தை ஏற்க முடியாது. 2021 ஜனவரியில் இந்த மாவட்டத்து ஆடை ஆலை ஒன்றில் வேலை பார்த்த 20 வயது தலித் பெண் கொல்லப்பட்டார். கைதானவர் அதே ஆலையின் சூப்பர்வைசர். அந்தப் பெண் உள்ளூர்க்காரர். வேலை முடிந்தால் திரும்பிப் போக அவருக்கு வீடும் பெற்றோரும் சொந்த ஊரும் இருந்தன. அவருக்கே இந்தக் கதி என்றால், சூப்பர்வைசரிடம் தொல்லைப்பட்டு அதே வளாகத்து அறைக்குத் திரும்பும் ஒடிசா பெண் யாரிடம் போய்ச் சொல்வார்? வார்டனும் நிர்வாகத்தின் ஆள். சம்பளம், சாப்பாடு, படுக்கை எல்லாமே ஒரே கையில். வேலையை விட்டால் அன்றிரவே தங்க இடமில்லை.

அவருக்கு அங்கே அக்கம்பக்கமும் இல்லை. அக்கம்பக்கம் என்பது வெறும் ஆறுதல் அல்ல, அது ஒரு காவல். சமூகவியலாளர் ராபர்ட் சாம்ப்சன் குழுவினர் சிகாகோவின் 343 குடியிருப்புப் பகுதிகளை ஆராய்ந்து 1997-ல் வெளியிட்ட முடிவு இதைக் காட்டியது. ஒருவரையொருவர் நம்பி, தப்பு நடந்தால் தட்டிக்கேட்கும் மக்கள் வாழும் பகுதிகளில் வன்முறை குறைவாக இருந்தது. வறுமையைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வேறுபாடு நின்றது. ஆலை விடுதியில் இருப்பவருக்கு அப்படித் தட்டிக்கேட்க அக்கம்பக்கமே இல்லை.

வழி இல்லாமல் இல்லை. அந்தக் கொலைக்குப் பின் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாமல் போராடியதால், 2022-ல் பணியிட வன்முறையைத் தடுக்கும் திண்டுக்கல் ஒப்பந்தம் பிறந்தது. எச்&எம், கேப் போன்ற ஆடை நிறுவனங்கள் அதில் இணைந்தன. பாலினம், சாதியோடு, புலம்பெயர்ந்து வந்தவர் என்பதற்காகக் காட்டும் பாகுபாட்டையும் அது தடை செய்தது. சங்கத்திடம் பயிற்சி பெற்ற தொழிலாளர்களே வேலைத்தளத்தில் கண்காணிக்கவும் வழி செய்தது. ஆனால் அது ஒரே குழுமத்தின் ஆலைகளுக்கு மட்டும். மற்ற ஆலைகளுக்கு யார் பொறுப்பு?

மாவட்ட நிர்வாகம்தான். 2014-ம் ஆண்டின் தமிழக விடுதிகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி பெண்கள் விடுதிக்கு உரிமம் வழங்குவது ஆட்சியர். விடுமுறை நாளில் தடையின்றி வெளியே போய்வரவும், செல்போனைத் தன்னிடமே வைத்துக்கொள்ளவும் அனுமதிக்காத விடுதிக்கு அந்த உரிமத்தைப் புதுப்பிக்கக் கூடாது. 2013-ம் ஆண்டின் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் புகாரை எழுத்தில் கேட்கிறது. எழுத முடியாதவர் புகாரை எழுத்தில் தருவதற்குப் புகார்க் குழு உதவ வேண்டும் என்றும் சொல்கிறது. ஒடியாவும் இந்தியும் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லாமல் அதை எப்படிச் செய்வது? அதே சட்டத்தின்கீழ் அமைந்த மாவட்ட உள்ளூர்க் குழு, மொழி தெரிந்த பெண் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு, வார்டனும் நிர்வாகமும் இல்லாத நேரத்தில், மாதம் ஒருமுறையாவது ஒவ்வொரு விடுதிக்கும் போக வேண்டும். அந்தப் பணியை ஆட்சியர் இந்த மாதமே தொடங்க வேண்டும்.