பச்சிலைக்கு ஆறாத புண்

கொழும்பு கொம்பனித்தெருவில் ஒருவருக்குக் காலில் புண் வந்தால் வைத்தியம் சொல்ல ஆள் தேடவேண்டியதில்லை. வேகந்தைப் பள்ளிவாசல் பக்கத்து ஒழுங்கையில் ஒருவர் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசச் சொல்வார். சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலடியில் இன்னொருவர் தேன் என்பார். கோப்பித்தூள், கற்றாழைச் சோறு, அடுப்புச் சாம்பல், உப்புப் போட்ட சுடுதண்ணீர் என்று ஆளுக்கொன்று வரும். மருந்துதான் வீட்டுக்கு வீடு மாறும், நம்பிக்கை ஒன்றே. "இயற்கை மருந்து மெதுவாத்தான் கேட்கும், ஆனா கெடுக்காது. பெரியாஸ்பத்திரிக்குப் போனா காலைக் கழட்டிருவாங்க."

இரண்டும் பிழை. இரண்டாவது, ஆளைக் கொல்லும் பிழை.

மஞ்சளுக்கு இவ்வளவு பேர் கிடைத்தது எப்படி? சுகதேகியின் காலில் கல் கிழித்த காயம் இரண்டு மூன்று கிழமையில் தானாகவே மூடிவிடும். அதன்மேல் எது பூசப்பட்டிருந்ததோ அதற்கே புகழ் போய்ச் சேர்கிறது. அந்தப் புகழை நம்பி, மாதக்கணக்கில் திறந்து கிடக்கும் புண்ணிலும் அதையே அப்புகிறோம். ஆனால் ஆறாத புண் தோலின் நோயல்ல. சீனி வருத்தத்தில் நரம்பு மரத்திருக்கும், அல்லது பாதத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடி அடைபட்டிருக்கும். கொத்துக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை செய்பவருக்குக் கணுக்காலுக்கு மேலே வரும் புண்ணானால், இரத்தத்தை மேலே அனுப்பவேண்டிய நாளங்கள் தளர்ந்திருக்கும். கோளாறு உள்ளே இருக்க, மேலே பூசுவது பச்சிலையா பாமசிக் களிம்பா என்பதில் பெரிய வேறுபாடில்லை.

இதைக் கண்டுகொண்ட கதை தமிழ் மண்ணில்தான் நடந்தது. கொல்லிமலையில் 1914இல் பிறந்த ஆங்கிலேய அறுவைச் சிகிச்சையாளர் போல் பிராண்ட், 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளரின் சதை தானாக அழுகி விழுகிறது என்று அன்று மருத்துவர்களே நம்பினார்கள். பிராண்ட் அந்தக் கால்களைப் பொறுமையாகக் கவனித்தார். சதையில் தனிக் குற்றம் எதுவும் இல்லை. வலி தெரியாததால் நோயாளி அதே புண்ணின்மேல் ஓயாமல் நடந்துகொண்டிருந்தார். புண் மூட வழியே இல்லை. இரவில் விரல்கள் காணாமற்போன புதிருக்கு விடை எலி என்று தெரிந்தது. கடித்தது தூங்குபவருக்கு உறைக்கவில்லை. காவலுக்குப் பூனை வளர்க்கவேண்டி வந்தது. காலுக்குப் பொருத்தமாக மாக்கட்டுப் போட்டு, புண்ணின்மேல் விழும் பாரத்தைப் பரப்பியபோது அதே "அழுகற் சதை" ஆறியது. பின்னர் அமெரிக்காவுக்குப் போன பிராண்ட் இந்தப் பாடத்தைச் சீனி வருத்தக்காரரின் பாதத்துக்கும் எடுத்துச்சென்றார். இன்றைக்கும் உள்ளங்காலில் வரும் அந்த வகைப் புண்ணுக்கு முதன்மையான சிகிச்சை பாரத்தை நீக்குவதுதான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு உப்புத் தண்ணீர் வைத்தியத்தைப் பாருங்கள். சூடு தெரியாத காலைச் சுடுதண்ணீரில் வைக்கச் சொல்கிறோம். பழைய புண்ணோடு புதுக் கொப்புளமும் சேர்கிறது. இதுதான் "கெடுக்காத" மருந்து!

"நம்முடைய பழைய வைத்தியத்தைப் பழிக்கிறீர்கள்" என்று கோபிப்பவர்கள் அந்தப் பழைய வைத்தியத்தைக் கொஞ்சம் திறந்து பார்க்கவேண்டும். சுஸ்ருத சங்கிதை புண்ணுக்கு அறுபது உபாயங்கள் சொல்கிறது. வெட்டுவதும் சுரண்டுவதும் அட்டை விடுவதும் அவற்றில் அடக்கம். நீரிழிவுக்காரரின் புண் லேசில் ஆறாது என்றும் அதே நூல் எச்சரிக்கிறது. ஆளைப் பார்க்காமல், நாடி பிடிக்காமல், ஒழுங்கை மூலையில் நின்று இலையின் பெயர் சொல்வது எந்த மரபு?

தேனைப் பற்றி ஒரு சொல். மருந்துத் தரத் தேனுக்குச் சிறு தீக்காயங்களில் பயன் இருக்கிறது. ஆனால் கால் நாளப் புண்ணுள்ள 368 பேரை வைத்து நியூசிலாந்தில் நடந்து 2008இல் வெளியான ஆய்வில், தேன் கட்டு வழக்கமான கட்டைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மேலாக ஆற்றவில்லை. அதுவும் கிருமி நீக்கிய தேன். போத்தலில் வாங்கும் சீனிப்பாகு அல்ல.

"காத்துப் படட்டும், காயட்டும்" என்பதும் நிற்காது. மூடி ஈரப்பதமாக வைத்த காயம், காயவிட்டதைவிட ஏறத்தாழ இருமடங்கு வேகமாகத் தோல் மூடுவதை ஜோர்ஜ் வின்டர் பன்றிகளில் செய்த சோதனையில் 1962இலேயே காட்டிவிட்டார். பத்தியம் இன்னும் மோசம். சீழ் பிடிக்கும் என்று மீனையும் முட்டையையும் நிறுத்துகிறார்கள். புதுச் சதை வளரத் தேவையான புரதத்தையே பறிக்கிறார்கள்.

இனிக் கால் கழற்றும் பயம். அது வெறும் கற்பனையல்ல, கழற்றத்தான் செய்கிறார்கள். யாருக்கு? பெரும்பாலும் இரண்டு மாதம் இலை கட்டி, விரல் கறுத்து, நாற்றம் வந்தபின் தூக்கிக்கொண்டு வரப்படுபவருக்கு. "வெட்டினால் மேலே மேலே ஏறும்" என்பார்கள். ஏறுவது கத்தியால் அல்ல. மேலேயுள்ள நாடி அடைபட்டிருப்பதாலும் கிருமி பரவுவதாலும்தான். அடைப்பை நேரத்தோடு கண்டால் திறக்க வழியுண்டு. பிரித்தானிய வழிகாட்டல் சீனி வருத்தக்காரரின் பாதப் புண்ணை ஒரு வேலைநாளுக்குள் நிபுணர்களிடம் அனுப்பச் சொல்கிறது. நாம் ஒரு பெருநாள் போய் அடுத்த பெருநாள் வரை காத்திருக்கிறோம்.

மக்களை மட்டும் குற்றஞ்சாட்டவும் மனம் வரவில்லை. கிளினிக் என்றால் விடியற்காலையே வரிசையில் நிற்கவேண்டும், ஒரு நாள் கூலி போய்விடும், தமிழில் விளக்கிச் சொல்ல ஆள் கிடைப்பது அதிர்ஷ்டம். அடுத்த வீட்டு மாமி கதிரை போட்டு, தேத்தண்ணி தந்து, நம் மொழியில் பேசுகிறார். சுகாதாரத் துறை இதை மாற்றாமல் "மூடநம்பிக்கை" என்று திட்டுவதில் பயனில்லை.

வீட்டில் செய்யவேண்டியவை நிறைய உண்டு. சீனியைக் கட்டுப்படுத்துங்கள். புண் உள்ள காலில் பாரம் கொடுக்காதீர்கள். சுத்தமான தண்ணீரால் கழுவி, சுத்தமான கட்டுப் போட்டு மூடுங்கள். கோயிலுக்கோ பள்ளிக்கோ போய்வரும் வழியில் வெயிலில் கொதிக்கும் தாரில் வெறுங்காலோடு நடக்காதீர்கள். தினமும் பிள்ளையிடம் உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லுங்கள். சுருட்டையும் சிகரட்டையும் விடுங்கள். நாளப் புண்ணுக்கு இறுக்கக் கட்டு நல்லதுதான். ஆனால் நாடி ஓட்டத்தை வைத்தியர் சோதிக்காமல் இறுக்கினால் அதுவே காலைக் கொல்லும்.

சீனி வருத்தம் உள்ளவருக்குப் பாதத்தில் புண் கண்டால் அன்றைக்கோ மறுநாளோ காட்டுங்கள். சிவப்பு பரவினாலோ, நாற்றமோ காய்ச்சலோ வந்தாலோ, விரல் கறுத்தாலோ அந்த இரவே புறப்படுங்கள். யூனியன் பிளேஸ் வழியாக லிப்டன் சுற்றுவட்டத்துக்குப் போனால் தேசிய வைத்தியசாலை பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே வைத்தியத்துக்குக் காசு கேட்பதில்லை.