பழைய காரின் மதிப்பு திருடனுக்குத்தான் தெரிகிறது

பழைய கார் வைத்திருப்பவனுக்கு ஆலோசனை சொல்ல ஊரில் ஆளுக்குப் பஞ்சமே இல்லை. எல்லோரும் சொல்வது ஒன்றேதான். "பேரீச்சம்பழத்துக்குப் போட்டுட்டுப் புதுசா ஒண்ணு எடுத்துக்குங்க." இந்த ஆலோசனை தவறு என்பது என் கட்சி.

போன மாதம் வீட்டு வாசலில் நின்ற என் மாருதி 800-ஐ இரவில் யாரோ கிளப்பிக்கொண்டு போகப் பார்த்தார்கள். டிரைவர் பக்கக் கண்ணாடியை உடைத்து, ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் மூடியைப் பெயர்த்து, இக்னிஷன் வயர்களைப் பிடுங்கியிருந்தார்கள். ஸ்டியரிங் லாக் மட்டும் அசையவில்லை. வண்டி தப்பியது. அதற்கு வயது 24.

பக்கத்து வீட்டுத் தம்பி வந்து பார்த்தார். "ஏனுங்ண்ணா, இதுக்குப் போயி செலவு பண்ணப் போறீங்ளா?" என்றார். ஷோரூமில், "எக்ஸ்சேஞ்சில் போடுங்க சார்" என்றார்கள். காவல் நிலையத்தில், "வண்டிதான் போகலையே, எதுக்குங்க புகார்?" என்றார்கள். இன்சூரன்ஸில் கேட்கவே வேண்டாம். என்னிடம் இருப்பது தேர்டு பார்ட்டி பாலிசி. திருட்டுக்கும் சேதத்துக்கும் அதில் ஒரு பைசா கிடையாது.

ஆக, எல்லோர் கணக்கிலும் என் வண்டி வெறும் தகரம். ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வந்த திருடனுக்கு மட்டும் அது காராகத் தெரிந்திருக்கிறது!

அரசாங்கத்துக்கும் ஒரு விஷயத்தில் அது கார்தான். 15 வருடம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வருடம் தாண்டியவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கினார்கள். கட்டுகிறேன். கட்டணம் வாங்கும்போது காராக இருப்பது, புகார் கொடுக்கும்போது மட்டும் எப்படிக் காயலான் சரக்காகிறது?

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. திருட முயல்வதே குற்றம். புகார் கொடுத்து, முதல் தகவல் அறிக்கையோ, குறைந்தது சி.எஸ்.ஆர். ரசீதோ வாங்காமல் நகரக் கூடாது. வழக்குப் பதிய மறுத்தால், அதே புகாரை மேலதிகாரிக்குத் தபாலில் அனுப்ப பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது.

இந்தக் காகிதம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒன்று நினைவுபடுத்துகிறேன். 2022 அக்டோபர் 23 அதிகாலையில் கோட்டை ஈஸ்வரன் கோவில் முன்பு வெடித்ததும் ஒரு பழைய மாருதி 800-தான். அது திருட்டு வண்டி அல்ல, பல கை மாறிய வண்டி. அதன் பழைய உரிமையாளர்களைத் தேடிப் போலீஸ் போனது நம் ஊரே அறிந்தது. ஆர்.சி. புக்கில் நம் பெயர் இருக்கும்வரை வண்டி எங்கே போனாலும் முதலில் தட்டப்படுவது நம் வீட்டுக் கதவு. பழைய வண்டிதானே, போனால் போகட்டும் என்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இனி ரிப்பேர். பிடுங்கிய வயர்களை முறுக்கி டேப் சுற்றித் தருகிறேன் என்பவரிடம் வண்டியை விடாதீர்கள். அந்த இடம் சூடேறித் தீப்பிடிக்கும். ஈயம் வைத்துப் பற்றவைத்து, மேலே ஸ்லீவ் போடச் சொல்லுங்கள். உக்கடத்தில் பழைய கதவும் கண்ணாடியும் தேடலாம், பூட்டு மட்டும் வேண்டாம். அதன் இன்னொரு சாவி யாரிடம் இருக்கிறதோ! இக்னிஷன், கதவுகள், டிக்கி எல்லாவற்றுக்கும் ஒரே சாவி வரும் புது செட்டாகப் போடுவதே நல்லது.

அடுத்தது பாதுகாப்பு. இந்தக் காலக் கார்களில் சாவிக்குள் ஒரு சில்லு இருக்கிறது. அந்தச் சாவி இல்லாமல் இன்ஜின் ஓடாது. நம் வண்டிக்கு ஒளித்து வைத்த ஒரு கட் ஆஃப் சுவிட்ச் போதும். அதை ஸ்டார்ட்டர் வயரில் கொடுத்தால் பிரயோஜனமில்லை, தள்ளி ஸ்டார்ட் செய்துவிடுவார்கள். பெட்ரோல் பம்ப் லைனில், ரிலேயும் ஃபியூஸும் வைத்துக் கொடுக்க வேண்டும். கார்புரேட்டர் வண்டியென்றால் இக்னிஷன் காயில் லைனில். எங்கே ஒளித்திருக்கிறது என்பது உங்களுக்கும் எலக்ட்ரீசியனுக்கும் மட்டும் தெரிந்தால் போதும். கூடவே ஸ்டியரிங்கில் ஓர் இரும்பு லாக் மாட்டுங்கள். கண்ணாடி வழியே அது தெரிய வேண்டும். நேரமாகும் என்று தெரிந்தால் திருடன் அடுத்த வண்டிக்குப் போவான்.

முழு பாலிசி வைத்திருப்பவர்களுக்கு ஏ.ஆர்.ஏ.ஐ. அங்கீகரித்த திருட்டுத் தடுப்புக் கருவிக்கு இரண்டரை சதவீதம் தள்ளுபடி உண்டு. அதிகபட்சம் 500 ரூபாய். பாதுகாப்புக்கு இவர்கள் தரும் மரியாதை அவ்வளவுதான்.

கோயமுத்தூர்க்காரனுக்கு இதெல்லாம் பெரிய வேலையா? 1920-இல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஓட்டித் தொடங்கிய ஜி.டி. நாயுடுவின் ஊர் இது. லேத்தும் ஃபவுண்டரியும் இல்லாத தெரு ஒரு காலத்தில் இங்கே அபூர்வம். கெட்டதைக் கழற்றிப் பார்த்துச் சரிசெய்யும் கை நம்முடையது. "மாத்திடுங்க சார்" என்பது கடைக்காரன் பாஷை. அதை நாம் எதற்குப் பேச வேண்டும்?

என் வயதுக்காரர்களுக்கு இதில் இன்னொன்றும் இருக்கிறது. கை பழகிய வண்டி இருந்தால் ஆஸ்பத்திரிக்கும் மருதமலைக்கும் யாரையும் எதிர்பார்க்காமல் போய் வரலாம். மகனுக்கு போன் போட்டு, அவன் எப்போது வருவான் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அந்தச் சுதந்திரத்துக்கு எக்ஸ்சேஞ்சில் என்ன விலை போடுவார்கள்?

வண்டியை விற்கும் காலம் வரும்போது விற்போம். அதை நாம் முடிவு செய்வோம், திருடன் முடிவு செய்ய வேண்டாம்.