மீட்டருக்கு இந்தப் பக்கம்

இணைய இணைப்பையும் கணினிப் பராமரிப்பையும் ஒரே நிறுவனத்திடம், முடிந்தால் ஒரே ஆளிடம், கொடுத்துவிட்டால் தொல்லை விட்டது என்ற எண்ணம் நம் கடைவீதிகளிலும் சிறு அலுவலகங்களிலும் வேரூன்றிவிட்டது. ‘உங்க சிஸ்டம்தான் கோளாறு’ என்று இணைப்புக்காரர் சொல்வார், ‘லைன்தான் சரியில்லை’ என்று கணினிக்காரர் சொல்வார், இருவருக்கும் நடுவில் நாம் அலைய வேண்டாம் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். அந்த அலைச்சல் உண்மைதான். ஆனால் இரண்டு வேலையும் ஒரே கையில் சேரும்போது, இணைப்புக்காரரின் பதிலைச் சோதித்துப் பார்க்க இருந்த ஒரே ஆளையும் நாம் இழந்துவிடுகிறோம்.

நெட் மெதுவாக இருக்கிறது என்று ஒரு புகார் வருவதாக வைத்துக்கொள்வோம். ஃபைபரில் எங்கோ மடிப்பு விழுந்திருக்கலாம். மாலை நேரத்தில் நிறுவனம் வாங்கி வைத்திருக்கும் கொள்ளளவு போதாமல் போயிருக்கலாம். பக்கத்து வீட்டு வைஃபையோடு நம்முடையது மோதலாம், பழைய சுவிட்ச் திணறலாம், கணினியே பின்னணியில் எதையாவது தரவிறக்கிக்கொண்டிருக்கலாம். முதல் இரண்டையும் சரிசெய்யும் செலவு நிறுவனத்துக்கு, மற்றவை பெரும்பாலும் வாடிக்கையாளர் தலையில். பழுது எந்தப் பக்கம் என்று தீர்ப்புச் சொல்பவரும் அந்த நிறுவனத்தின் ஆளே என்றால், அவர் பொய் சொல்ல வேண்டிய அவசியமேயில்லை. புது ரவுட்டர் வாங்கச் சொல்வது தானாகவே முதல் யோசனையாக வந்துவிடும். நிரூபணத்துக்கு ஸ்பீட் டெஸ்ட் இருக்கவே இருக்கிறது. அளக்கும் சர்வர் அதே நிறுவனத்தின் வலைக்குள் இருந்தால், வெளியே போகும் பாதை நெரிசலில் தவித்தாலும் எண் அழகாகத்தான் காட்டும். தராசும் சரக்கும் ஒரே கடையில்.

கணக்குத் தணிக்கையில் இந்தச் சிக்கலுக்கு எப்போதோ சட்டம் வந்துவிட்டது. 2001-இல் என்ரான் என்ற அமெரிக்க நிறுவனம் சரிந்தபோது, அதன் தணிக்கையாளரான ஆர்தர் ஆண்டர்சன் அதே நிறுவனத்திடம் ஆலோசனைக் கட்டணமும் வாங்கிக்கொண்டிருந்தது அம்பலமானது. நம் நாட்டில் 2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 144-ஆம் பிரிவு, தணிக்கையாளர் தாம் தணிக்கை செய்யும் நிறுவனத்துக்குக் கணக்கு எழுதித் தருவதையும் நிதித் தகவல் அமைப்பை வடிவமைத்துத் தருவதையும் தடை செய்கிறது.

இருவர் இருந்தால் பழியை மாற்றி மாற்றிப் போடுவார்களே என்பது வலுவான ஆட்சேபம். பழி பந்தாடப்படுவது ஆள் இரண்டு என்பதால் அல்ல, எல்லை எங்கே என்று யாரும் கோடு போடாததால். கரண்ட் போனால் முதலில் எதிர்வீட்டை எட்டிப் பார்க்கிறோம். அங்கே விளக்கு எரிந்தால் எலக்ட்ரீஷியன், எரியாவிட்டால் வாரியம். மீட்டர் வரை அவர்கள், இந்தப் பக்கம் நாம். பிரிட்டனில் வீடுகளுக்குள் வரும் தொலைபேசி இணைப்புப் பெட்டியின் கீழ் மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு சோதனைத் துளை இருக்கும். வீட்டுக்குள் ஓடும் வயர்கள் அந்தக் கணமே துண்டிக்கப்பட்டுவிடும்; அங்கே செருகியும் கோளாறு தொடர்ந்தால், வீட்டு வயரிங் மேல் பழி போட முடியாது. ஃபைபர் பெட்டியிலிருந்து நேராக ஒரு கேபிளை மடிக்கணினியில் செருகிப் பார்ப்பது நமக்கு ஏறக்குறைய அதே சோதனை.

பெயர்ப்பலகையை மட்டும் பிரித்தால் பயனில்லை என்பதற்கும் சாட்சி பிரிட்டனே. ஆஃப்காம் என்ற ஒழுங்குமுறை ஆணையத்துக்குக் கொடுத்த உறுதிமொழியின்படி, 2006-இல் பிடி என்ற தொலைபேசி நிறுவனம் தன் கம்பிப் பணிகளை ஓப்பன்ரீச் என்று தனிப்பிரிவாக்கியது. முதலீட்டு முடிவுகள் தாய் நிறுவனத்தின் கையிலேயே இருந்ததால் போட்டியாளர்களின் முறையீடு ஓயவில்லை. 2017-இல் அதைத் தனி இயக்குநர் குழு கொண்ட தனி நிறுவனமாக்க பிடி ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அங்கே பிரிந்தது கம்பியும் விற்பனையும்தான், பராமரிப்பு அல்ல. ஆனாலும் முடிவெடுக்கும் அதிகாரம் பிரியாதவரை பிரிவினை வெறும் பேச்சு என்பது இங்கும் பொருந்தும்.

இணைப்பும் பராமரிப்பும் சேர்த்துச் செய்யும் ஐந்து பேர் நிறுவனம் இதற்கெல்லாம் எங்கே போகும்? தனிக் கட்டடம் கேட்கவில்லை. இரண்டு வேலைக்கும் தனித்தனி பில் போடலாம். லைன் புகாரை முடித்துவைக்கும் உரிமையைப் பராமரிப்பு ஆளிடம் கொடுக்கலாம். புது இணைப்பு பிடித்துத் தந்தால் கமிஷன் என்ற ஏற்பாட்டில் அவரைச் சேர்க்காமல் விடலாம். சொந்த ஆளே ‘நம்ம லைன்தான் கோளாறு’ என்று எழுதிக் கொடுத்தால் வாடிக்கையாளர் ஓடிவிடமாட்டாரா என்று முதலாளி பதறுவார். எழுதிக் கொடுக்காவிட்டாலும், வாடிக்கையாளர் ஒருநாள் வேறு இணைப்பை வாங்கிப் போட்டு அதைக் கண்டுபிடிக்கத்தான் போகிறார். கண்டுபிடித்ததைப் பழைய நிறுவனத்துக்கு வந்து சொல்லிக்கொண்டிருக்கமாட்டார், அவ்வளவுதான்.