வார்டுக்கு வெளியே நிற்கும் மிஸ்ஸி

"மிஸ்ஸி வேலையைப் பக்கத்தில் நின்று கைபிடித்துத்தான் சொல்லித்தரணும். அதையெல்லாம் திரையில் படிக்க முடியுமா?" தாதியர் வேலையைப் பற்றிப் படித்தவர்களும் இப்படித்தான் கேட்கிறார்கள். மருத்துவமனை வார்டைப் பார்த்து வளர்ந்த நம்பிக்கை இது. வார்டில் கூப்பிடு தூரத்தில் ஒரு சிஸ்டர் இருப்பார். சமூகத் தாதிக்கு யார் இருக்கிறார்கள்?

பிரசவமாகி வீடு திரும்பிய தாயையும் சேயையும் 1, 2, 3, 4, 6, 8, 10, 20-ஆம் நாட்களில் போய்ப் பார்ப்பது மலேசியாவில் நம் முறை. பங்சார் ஸ்ரீ பகாங் அடுக்குமாடியோ, பக்கத்தில் கெரிஞ்சியோ, கதவைத் தட்டுகிறவர் தாதிதான். நான்காம் நாள். குழந்தைக்கு மஞ்சள் தட்டியிருக்கிறதா? மாநிறத் தோலில் சட்டென்று தெரியாது. ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், நெற்றியையும் நெஞ்சையும் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். "காலை வெயிலில் காட்டினால் சரியாயிடும்மா" என்கிறார் பாட்டி. அந்த இடத்தில் முடிவெடுக்க வேண்டியவர் புதிதாக வேலைக்கு வந்த பெண். நேரில்தான் கற்பிக்க வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் யாரும் அவளோடு படியேறி வரப்போவதில்லை.

தொலைவிலிருந்து மஞ்சளைப் பார்க்க முடியாதே என்பார்கள். உண்மைதான். கைப்பேசிப் படத்தின் நிறத்தை நம்பவே கூடாது, சந்தேகம் வந்தால் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பியாக வேண்டும். ஆனால் எதையெல்லாம் கேட்க வேண்டும் என்று பழக்கிவிட திரை போதும். தாயின் ரத்தப் பிரிவு 'ஓ'வா? குழந்தை எத்தனை முறை சிறுநீர் கழித்தது? ஜி6பிடி நொதிக் குறைபாடு உண்டா? உண்டென்றால், துணி அலமாரியில் அந்துருண்டை கிடக்கிறதா? அதிலுள்ள நாப்தலின் அந்தக் குழந்தையின் சிவப்பணுக்களை உடைத்து மஞ்சளை ஏற்றிவிடும். இருபது வருடம் வீடுவீடாக ஏறி இறங்கியவருக்கு இந்தக் கேள்வி நாக்கு நுனியில் இருக்கும். அவர் கிள்ளானுக்கு மாற்றலாகிவிட்டார் என்பதற்காக பங்சார் தாதி அதை இழக்க வேண்டுமா?

திரைவழி வழிகாட்டுதல் பலிக்கும் என்பதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் டாக்டர் சஞ்சீவ் அரோரா 2003-இல் 'எக்கோ' திட்டத்தைத் தொடங்கினார். தொலைதூர நிலையங்களிலும் சிறைகளிலும் சிகிச்சை அளித்தவர்கள் தங்கள் நோயாளிகளைப் பற்றி வாரந்தோறும் காணொளியில் நிபுணர்களோடு பேசினார்கள். 2011-இல் வெளியான ஆய்வின்படி ஹெபடைடிஸ் சி சிகிச்சை பலித்தது அந்த நிபுணர்களின் பல்கலைக்கழகத்தில் 57.5%, அந்த நிலையங்களில் 58.2%. திரைக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதர் இருந்து பதில் சொன்னதால் வந்த பலன் இது.

பதிவு செய்த சொற்பொழிவை ஓடவிட்டு தொடர் தொழில்முறை மேம்பாட்டுப் (சிபிடி) புள்ளி வாங்குவதையும் வழிகாட்டுதல் என்று சிலர் கணக்கு காட்டுகிறார்கள். அதை ஏற்க முடியாது. ஒரே மூத்தவர், மாதக்கணக்கில், நோயாளியின் பெயரைச் சொல்லாமல், தாதி அந்த வாரம் பார்த்த வீடுகளைப் பற்றி அவளோடு ஒரு மணி நேரம் பேச வேண்டும். அந்த ஒரு மணி நேரம் பணி அட்டவணையிலேயே இருக்க வேண்டும். வேலை முடிந்து வீட்டுக்குப் போனவரை, அடுப்படியில் நின்றபடி காதில் மாட்டிக் கேட்கச் சொல்லக் கூடாது.