அரண்மனையில் வாடகை அறை

அரண்மனைகளை இப்போது அறை அறையாக வாடகைக்கு விடுகிறார்கள். ஜோத்பூர், ஜெய்ப்பூர், ஹைதராபாத், மைசூர், நம்ம ஊட்டி என்று பட்டியல் நீளம். அரண்மனை இல்லாத இடத்தில் செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் அந்த வேலையைச் செய்கின்றன. கருத்தரங்கு ஒன்றுக்குப் போன இடத்தில் அப்படியொரு மாளிகையில் இரண்டு இரவு தங்கினேன். திரும்பி வந்ததும் சாத்தூர் மாணவத் தோழர்கள் பிடித்துக்கொண்டார்கள். "அங்கெல்லாம் போயி படுக்கலாமாண்ணே? யாரு ரத்தத்துல கட்டுனது அது?" என்றார் ஒருவர். "ஏன் படுக்கக் கூடாது? நம்ம தாத்தன் சொமந்த கல்லு" என்றார் இன்னொருவர். இரண்டுமே நியாயமான கேள்விகள். இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்ல வேண்டும்.

முதலில் இந்த வியாபாரத்தின் கதை. ஜெய்ப்பூர் ராம்பாக் அரண்மனை 1957இலேயே ஓட்டலாகிவிட்டது. 1971இல் 26ஆவது அரசியல் சட்டத் திருத்தம் மன்னர் மானியத்தை ஒழித்தது. மானியம் போன இடத்தைச் சுற்றுலாப் பயணியின் பணம் நிரப்பியது. மத்திய சுற்றுலா அமைச்சகம் இவற்றுக்குப் 'பாரம்பரிய ஓட்டல்' என்று தனி வகையே வைத்தது. கட்டடம் 1950க்கு முன்னால் கட்டியதாக இருக்க வேண்டும் என்பது விதி. அந்த ஆண்டைக் கவனியுங்கள் தோழர்களே. அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்த ஆண்டு அது. எல்லோரும் சமம் என்று சட்டத்தில் எழுதுவதற்கு முந்திய காலம் எதுவோ, அதற்குத்தான் இங்கே பாரம்பரியம் என்று பெயர். அதற்குத்தான் கூடுதல் வாடகை. 'ஒரு நாள் ராஜாவாக இருங்கள்' என்கிறார்களே, ராஜா என்றால் என்ன? நாலு பேர் குனிந்து நிற்க ஒருத்தன் நிமிர்ந்து நடப்பது. அந்தச் சுகம்தான் விற்பனைக்கு வந்திருக்கிறது.

நான் தங்கிய இடத்தில் வீட்டைச் சுற்றிக் காட்ட ஓர் ஆள் இருந்தார். தேக்கு பர்மாவிலிருந்து, சலவைக்கல் இத்தாலியிலிருந்து, தரை ஓடு ஆத்தங்குடியிலிருந்து, சுவர்ப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு என்று ஒப்பித்தார். "சொமந்தது யாருங்க?" என்றேன். "லோக்கல் லேபர் சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டுக்கு நடந்தார். மரத்துக்கு ஊர் பெயர் இருக்கிறது, கல்லுக்கு நாட்டின் பெயர் இருக்கிறது, சுமந்த மனுசனுக்கு மட்டும் ஊரும் இல்லை பேரும் இல்லை. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை; எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கிற கூலிக்காரர் அவர். பர்மாத் தேக்கின் மறுபக்கத்தையும் யாரும் அவருக்கு எழுதிக் கொடுக்கவில்லை. 1930களின் பொருளாதார மந்தத்தில் கடன் கட்ட முடியாத பர்மிய விவசாயிகள் நிலத்தை இழந்தார்கள். 1938வாக்கில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால்வாசி நிலம் செட்டியார் வட்டிக்கடைகளின் கையில் இருந்தது.

ஜோத்பூர் உமைத் பவன் 1929இல் தொடங்கி 1943இல் முடிந்தது. பஞ்சத்தில் வாடிய மக்களுக்கு வேலை கொடுக்க மகாராஜா கட்டியது என்று பெருமையாகச் சொல்கிறார்கள். பஞ்சத்துக்கு வேலை கொடுக்கக் குளம் வெட்டலாம், கிணறு வெட்டலாம். 347 அறை எதுக்கு?

இனி, தங்கலாமா என்ற கேள்வி. இதற்குப் பாபாசாகேப் வாழ்க்கையிலேயே பதில் இருக்கிறது. பரோடா மன்னரின் உதவித்தொகையில் கொலம்பியாவில் படித்தவர் அவர். ஒப்பந்தப்படி அந்த சமஸ்தானத்தில் வேலை செய்ய 1917இல் பரோடா போனார். 1890இல் கட்டி முடித்த லட்சுமி விலாஸ் அரண்மனை நிற்கிற ஊர் அது. அந்த ஊரில் அவருக்கு ஓர் அறை இல்லை. பார்சி விடுதியொன்றில் பார்சிப் பெயர் எழுதித் தங்கினார். பதினோராம் நாள் தடியோடு வந்தவர்கள் வெளியே துரத்தினார்கள். மன்னரின் தயவு அரண்மனைக்குள் இருந்தது. சாதி தெருவில் இருந்தது. தயவு தெருவுக்கு வரவில்லை.

1934இல் தோழர்களோடு தௌலதாபாத் கோட்டையைப் பார்க்கப் போனார். வாசலில் இருந்த குளத்தில் முகம் கழுவியதற்காக, குளம் தீட்டுப்பட்டதென்று கூட்டம் கூடி வசைபாடியது. தண்ணீரைத் தொடக் கூடாது என்ற நிபந்தனையோடு, ஆயுதம் தாங்கிய காவலாள் கூடவே வர, கோட்டையைச் சுற்றிப் பார்த்தார்கள். நம் தலைவரின் சுற்றுலா அப்படித்தான் நடந்தது.

அவர் தலைமையில் வரைவான அரசியல் சட்டத்தின் 15(2)ஆம் பிரிவை எடுத்துப் படியுங்கள். கடைகள், உணவகங்கள், ஓட்டல்களில் சாதியைக் காட்டி யாரையும் தடுக்கக் கூடாது என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, பொதுக் கேளிக்கைக்கான 'பேலஸ்'களையும் சேர்க்கிறது. ஆங்கில மூலத்தில் அச்சாகியிருக்கும் சொல் அதுதான். ஆக, முன்வாசல் வழியாகப் போய் அறை கேட்பது நம் உரிமை. இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. உள்ளே போனவன் வாயை மூடிக்கொண்டு படுப்பதுதான் கூச்சப்பட வேண்டிய விஷயம்.

நம் வட்டாரத்துக்கு வருவோம். 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். கோயில் அறங்காவலரான இராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி வழக்குப் போட்டார். 1893 சிகாகோ பயணத்துக்கு விவேகானந்தருக்கு உதவிய அதே சேதுபதிதான். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908இல் வழக்காறுதான் பெரிது என்று சேதுபதி பக்கமே முடிந்தது. இடையில் 1899இல் சிவகாசி எரிந்தது. அன்று கோயில் வாசலில் தடுக்கப்பட்டவர்கள் போராடி மேலே வந்தார்கள். அது மதிக்க வேண்டிய வரலாறு. ஆனால் அவர்களுக்கும் கீழே நிறுத்தப்பட்டவர்களுக்கு எந்த வாசல் திறந்தது? தீப்பெட்டியாபீசும் பயராபீசும் திறந்தன.

அங்கேயும் அறைதான். மருந்து கையாளும் அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. உள்குத்தகைக்கு விட்டு, அறைக்குள் ஆளை அடைத்து, மரத்தடியிலும் வேலை வாங்கினால் என்ன நடக்கும் என்று 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டியில் பார்த்தோம். 30க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். 2021 பிப்ரவரி 12 அச்சங்குளத்தில் 20க்கும் மேற்பட்டோர். வெடித்த அறைகளை இடித்துத் தரைமட்டமாக்கி, கொஞ்ச நாளில் வேறு அறை எழுப்பிவிடுகிறார்கள். யார் எந்த அறையில் உட்கார்ந்து திரி வைத்தார்கள் என்று ஒரு கல்லாவது சொல்கிறதா? நான் தங்கிய அறையின் கதவுக்கு நூறு வருசக் கதை வைத்திருந்தார்கள். முழுச் சம்பளமும் போட்டு அந்த அறையில் சில இரவுகூடத் தங்க முடியாத எங்க பக்கத்துப் பெண்களுக்கு, செத்த பிறகு ஒரு நாள் பத்திரிகையில் வயசும் ஊரும் வருகிறது. அவ்வளவுதான் அவர்களின் பாரம்பரியம்.

ஆகவே தோழர்களே, அரண்மனைக்குப் போகாதே என்று இந்த இதழ் சொல்லாது. போங்கள், கேளுங்கள், எழுதுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் நாயக்கர் மாளிகை, சேத்தூர், எட்டயபுரம், சிவகிரி ஜமீன்கள் எல்லாம் நமக்குப் பஸ் தூரம்தான். அவற்றைச் சுற்றிய சேரிகளில் வெட்டி வேலை பார்த்த கதையைத் தகப்பனிடமும் பாட்டனிடமும் கேட்ட பெரியவர்கள் இருக்கிறார்கள். யார் சுண்ணாம்பு அரைத்தது, யார் பல்லக்குக்கு முன்னால் ஓடியது, யாருக்கு எந்தத் தெருவில் செருப்புப் போடத் தடை என்று ஊர் ஊராகக் கேட்டு எழுத வேண்டும். பயராபீஸ் விபத்துகளையும் அப்படியே எழுத வேண்டும்: பெயர், ஊர், அறை, செய்த வேலை. விடுமுறையில் ஊருக்குப் போகும் மாணவர்கள் ஆளுக்கு ஒரு ஊரை எடுத்துக்கொண்டால் ஒரு வருசத்தில் முடியும். வருவதை வரும்படியே, பேசும் மொழியிலேயே, இதழ்தோறும் அச்சிடுவோம்.

நாளைக்கு அந்த மாளிகையில் "லோக்கல் லேபர்" என்று ஒருவர் சொல்லும்போது, பெயர்களைப் படித்துக் காட்ட நம் கையில் ஒரு நோட்டு இருக்க வேண்டும்.